சிவப்பு மையில் மேலிடத்துக்கு

ஜூலை 3

வாலுக்கு,

நாத்தனார் என்பவள் வீட்டுக்குள் இருந்தால்தான் தலைவலி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டும் கொடுக்கலாம் என்று நீ காட்டிவிட்டாய். சந்தோஷமா?

நேற்று போனில் சொல்ல ஆரம்பித்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஐயோ அண்ணி, அப்புறம்?’ என்று குறுக்கே விழுந்தாய். நான் கத்தினேன். போனை வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து உன் அண்ணன், “ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்குங்க. எனக்காவது காது மிஞ்சும்” என்றார். சரி, போடுகிறேன். இந்த விவகாரம் முடியும்வரை போனில் உன்னோடு பேச்சில்லை. முதலிலிருந்தே எழுதுகிறேன். நாளைக்கு நீ வேலை பார்க்கும் அந்தப் பயிற்சி மையத்தில் யாராவது கேட்டால் இதை அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும்.

விடுமுறையில் சும்மா கிடந்தவளை, “வாங்க அண்ணி, கிழக்காசிய வரலாறு, அஞ்சு நாள்தான், டீச்சர்களுக்குன்னே நடத்துறோம்” என்று இழுத்துக்கொண்டு போனது நீ. சீனா, ஜப்பான், கொரியா மூன்றுக்கும் சேர்த்து எங்கள் பாடநூலில் ஒன்றரைப் பக்கம். அதில் அரைப் பக்கம் பெருஞ்சுவர்ப் படம். வருஷா வருஷம் ‘சுவர் கட்டினார்கள், எரிமலை இருக்கிறது, பட்டு வந்தது’ என்று ஒரே பீரியடில் ஊதித் தள்ளிவிட்டுப் போகிறவள் நான். உன் மையத்தில் அந்த ஐந்து நாளும் எனக்கே மறுபடி பள்ளிக்கூடம் போன மாதிரி ஆசையாக இருந்தது. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன், சொல்லிவிட்டேன். கொரியாவில் ஓர் அரசர் குதிரையிலிருந்து விழுந்துவிட்டு, ‘இதை வரலாறு எழுதுகிறவனுக்குச் சொல்லாதீர்கள்’ என்றாராம். அவன் விழுந்ததையும் எழுதி, சொல்லாதே என்றதையும் எழுதினானாம். அதை நீ சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த புவியியல் வாத்தியார் நகர்ந்து உட்கார்ந்தார்.

போன வாரம் மையத்திலிருந்து பெட்டி வந்தது. தூரிகை, மைக்கட்டி, மணிச்சட்டம், பயிற்சித் தாள்கள். ஏழாவது தாளில் இருப்பதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் அது நீ மொழிபெயர்த்தது:

‘சீனத்தின் அரசுப் பணித் தேர்வில், எழுதியவர் யாரென்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை மறைத்தார்கள். கையெழுத்தும் தெரியாதபடி, எழுத்தர்கள் ஒவ்வொரு தாளையும் சிவப்பு மையில் நகலெடுத்தார்கள். நீங்களும் அவ்வாறே செய்க. உங்கள் மேலிடத்துக்கு, அதன் குறையை எடுத்துச் சொல்லி, பணிவு குறையாமல் ஒரு விண்ணப்பம் எழுதுக.’

ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், நம்ம மேலிடம் யாரு மிஸ்?” என்றாள். “உனக்கு யாரைப் பாத்தா பயமோ அவங்கதான்” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். வகுப்பே குனிந்துவிட்டது. எந்நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைகூட எழுதியது. ஒருத்தி அப்பாவுக்கு எழுதினாள். ஒருவன் பஸ் டிரைவருக்கு. ஒருவன் எனக்கே எழுதியிருந்தான்: ‘தாங்கள் வினா கேட்டுவிட்டு விடையையும் தாங்களே சொல்லிவிடுகிறீர்கள்.’ பையன் சொன்னது சரிதான்.

தாள்களைக் கலைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சிவப்புப் பேனாவால் நகலெடுக்க வைத்தேன். மூலத் தாள்களை அங்கேயே கிழித்துக் கூடையில் போட்டேன். நகல்களை எல்லாம் படித்து, எது மேலிடத்துக்குப் போகத் தகுந்தது என்று வகுப்பு வோட்டுப் போட்டது. ஜெயித்தது இது:

‘மேலிடத்துக்கு வணக்கம். பெண்கள் கழிப்பறைச் சாவி அலுவலக அறை ஆணியில் தொங்குகிறது. எதற்கென்று சொல்லித்தான் கேட்டு வாங்க வேண்டும். அங்கே எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று தாங்கள் வராந்தாவில் பலகை மாட்டியிருக்கிறீர்கள். சாவி, பலகை, இரண்டில் ஒன்றை எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

நான் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வகுப்புத் தலைவி அதைக் கொண்டுபோய் எங்கள் தலைமையாசிரியை, அதான் பெரிய மேடம், மேசையில் வைத்துவிட்டாள். கேட்டால், “மேலிடத்துக்குன்னு எழுதியிருக்கு, மேலிடத்துக்குக் குடுத்தாதானே மிஸ்?” என்கிறாள்.

பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு விட்டார். அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சிவப்பு மையில எனக்கா? இந்த ஸ்கூல்ல சிவப்பு மை யாரு கையில இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றார். அடுத்த வெள்ளிக்குள் எழுதியது யார் என்று பெயர் வேண்டுமாம். இல்லையென்றால் என் ஃபைல் அவர் மேசையை விட்டு நகராதாம். எந்த ஃபைல் என்று உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் ‘தற்காலிக’ ஆசிரியை. இந்த வருஷம் நிரந்தரமாக வேண்டியவள்.

எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உன் மையத்தின் தாளில் நாலு வரி: ‘பயிற்சியே இப்படித்தான், ஆசிரியை தாளில் உள்ளபடிதான் நடத்தினார், சிவப்பு மையும் எங்கள் ஏற்பாடு.’ அதைப் பார்த்தால் அவர் அடங்கிவிடுவார். வியாழனுக்குள் வந்தாக வேண்டும். உங்கள் மையத்துப் பெட்டிகளைக் கொண்டுவரும் வண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணி

---

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மையத்து வாசற்படியில் நின்றே படித்தேன். பஸ் டிரைவருக்கு எழுதினவன் என்ன எழுதினான்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. கோபித்துக்கொள்ளாதீர்கள், பதற்றம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அண்ணனைக் கேளுங்கள்.

அந்தச் சாவி விண்ணப்பம் இருக்கிறதே, அண்ணி, நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு வகுப்பறையிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. எல்லாரும் ‘தாடி வைத்த பேரரசரே’ என்று கதைதான் எழுதி அனுப்புவார்கள். எழுதின பிள்ளை யாராக இருந்தாலும் அவளுக்கு என் முத்தம்.

இப்போது விஷயம். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் இயக்குநரிடம் போனேன். (உங்களுக்கு நினைவிருக்கும், பயிற்சியின் முதல் நாள் முக்கால் மணி நேரம் பேசி எதுவும் சொல்லாதவர். நாங்கள் ‘வழவழா’ என்போம்.) அதற்குள் உங்கள் பெரிய மேடம் அவருக்கே போன் போட்டிருக்கிறார்! இவர் மூலத் தாளை வரவழைத்துப் பார்த்தார். மூலத்தில் ‘அரியணைக்கு ஒரு விண்ணப்பம்’ என்றுதான் இருக்கிறதாம். ‘உங்கள்’ என்றே இல்லையாம். ‘மேலிடம்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது என்றேன்.

அரியணை என்றால் எந்தப் பிள்ளைக்கு வயிற்றில் சுரீரென்கும், சொல்லுங்கள்? அரியணையைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். மேலிடம் என்றால் உடனே புரிகிறது. அது யாரென்று சொல்லவே வேண்டாம், அவரவருக்கு ஒன்று இருக்கிறது. அந்தச் சொல் கிடைத்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன் அண்ணி. இதெல்லாம் அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் இந்தத் தாள்கள் அறுநூறு பள்ளிகளுக்குப் போகின்றன. என் ஒப்பந்தமும் அடுத்த மாதம்தான் முடிகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

அதனால் ஒரு யோசனை. கோபப்படாமல் படியுங்கள். நீங்களே பெரிய மேடத்திடம், ‘அது கற்பனை ராஜாவுக்கு எழுதியது, பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்’ என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லை. பாம்பும் சாகும், கம்பும் உடையாது. எனக்கு ராத்திரி தூக்கமில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

உங்கள் வாலு

---

ஜூலை 9

வாலு,

பாம்பும் சாகும், கம்பும் உடையாது என்று எழுதியிருக்கிறாய். இங்கே அடி வாங்குவது பாம்பில்லை. கேள்.

பெரிய மேடம் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளை எல்லாம் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒன்றொன்றாகப் புரட்டி, அந்தச் சிவப்புத் தாளோடு வைத்துப் பார்த்து, எழுத்து ஒத்துப்போகிற நோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். வகுப்பிலேயே முத்து முத்தாக எழுதுகிற பெண். அவள் எழுதியதில்லை அது, அவள் நகலெடுத்தது! எழுதினவளை மறைக்கத்தானே நகலெடுக்க வைத்தோம்? நகலெடுத்தவளை மறைக்க வேண்டும் என்று உன் தாளிலும் இல்லை, என் மண்டையிலும் இல்லை.

“நான் காப்பிதான் எழுதினேன் மேடம்” என்றிருக்கிறாள். “யாரோடதை?” என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அலுவலக வாசலில் நிற்கிறாள். பாட வேளை முழுக்க நிற்க வேண்டும், பெயர் சொன்னால் வகுப்புக்குப் போகலாம். சரியாக அந்த ஆணிக்கு நேர் எதிரே. அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, மகளை எல்லார் முன்னாலும் தோளில் ஓர் அடி வைத்துவிட்டுப் போனார்.

என் வகுப்புகளுக்குப் போக அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் மாடியைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஏன் என்று கேள். அந்த விண்ணப்பத்தை எழுதியது நான்.

ஆமாம், நான்தான். நீ முத்தம் கொடுத்தாயே, அந்தப் பிள்ளை. தாளைக் கொடுத்ததும் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது. எனக்குச் செய்ய வேலையில்லை. மேசையில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. ‘உங்கள் மேலிடத்துக்கு’ என்ற வரியைப் படித்தேன். கை தானாகப் பேனாவை எடுத்தது. டீச்சர்களுக்கும் அதே சாவிதான், அதே ஆணிதான், அதே நாலு பேர்தான். பதினோரு வருஷமாக நானும் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காதவள். உன் அண்ணனிடம்கூட இதைச் சொன்னதில்லை. எழுதி, பிள்ளைகள் தாளோடு சேர்த்துக் கலைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? வோட்டில் என்னுடையது ஜெயித்தபோது சின்னப் பெண் மாதிரிச் சந்தோஷப்பட்டேன். அசடு.

இப்போது போய், ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு அரை நிமிஷம் போதும். காலையில் புடவை கட்டும்போது சொல்லிவிடுவேன் என்று கிளம்புகிறேன். படியேறும்போது ஃபைல் ஞாபகம் வருகிறது. பிள்ளை எழுதியிருந்தால் விளையாட்டு, டீச்சர் எழுதியிருந்தால் அது கலகம். வேலையே போனாலும் போகும். மாலையில் சொல்லாமல் வீட்டுக்கு வருகிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை வாலு. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால்தான் உன் மையத்தின் நாலு வரிக்காகக் கிடந்து தவிக்கிறேன். தாளில் உள்ளபடி நடந்தது என்று நீங்கள் எழுதிவிட்டால், விசாரணையே இல்லை, எழுதியவரைத் தேட வேண்டியதும் இல்லை, அந்தப் பெண் வகுப்புக்குப் போவாள். கற்பனை ராஜா என்று நான் போய் உளறினால், அப்புறம் நிஜச் சாவியை எழுதினது யாரென்று மறுபடி அங்கேதான் வந்து நிற்கும்.

உன் வழவழாவிடம் போய் நில். உன் சொல்லுக்கு நீ நில். இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.

அண்ணி

---

ஜூலை 9

அண்ணி! முடிந்துவிட்டது! ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்!

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இயக்குநர் இன்று காலை கூப்பிட்டார். உங்கள் பெரிய மேடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறாராம். அவரே ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சூடாகக் காபியும் வாங்கி வைத்திருந்தார், அவர் காபி வாங்கித் தந்து இந்த மையத்தில் யாரும் பார்த்ததில்லை. கடிதம் இதுதான்: ‘ஏழாம் பயிற்சித் தாள் ஒரு கற்பனைப் பேரரசருக்கு எழுதுவதற்கானது. ஆசிரியை ஆர்வ மிகுதியால் அதற்குத் தவறாகப் பொருள் கொண்டுவிட்டார்.’

‘ஆர்வ மிகுதியால்’ என்பது நான் சேர்த்தது! முதலில் வெறுமனே ‘தவறாகப் பொருள் கொண்டுவிட்டார்’ என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு அவரோடு எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா? கடைசியில் சரி என்றார். மொழிபெயர்த்தவள் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.

தவறு என்று இருந்தாலும் ஆர்வத்தால் வந்த தவறுதானே, யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மேடமும் சமாதானமாகிவிடுவார், ஃபைலும் நகரும், தாளும் அச்சுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். சரியாகத்தானே செய்தேன்? நேற்றிலிருந்து உங்கள் பதில் வருமென்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனையாவது எடுங்கள். அண்ணனுக்குப் போட்டால், “எனக்கெதுக்கும்மா வம்பு” என்று வைத்துவிடுகிறார்.

வாலு

---

ஜூலை 12

வாலுக்கு,

உன் மையத்தின் கடிதமும் நானும் வெள்ளிக்கிழமை ஒரே நேரத்தில் பெரிய மேடம் அறைக்குள் நுழைந்தோம்.

நான் சொல்லிவிடுவதென்று போயிருந்தேன். உண்மையாக. வியாழன் முழுக்க உன் நாலு வரிக்குக் காத்திருந்து, வராது என்று தெரிந்ததும், இனிமேல் காத்திருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிவிட்டது. உள்ளே போனேன். அவர் கணினியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க” என்றார். பிறகு சத்தமாகப் படித்துக் காட்டினார். ‘ஆர்வ மிகுதியால்.’ அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “இது உங்க நாத்தனார்தானே?” என்றார். ஆமாம் என்றேன். சொந்த வீட்டிலேயே எனக்குச் சாட்சி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரக்கத்தை அவர் முகத்தில் பார்த்தேன் பார், அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

“அதை எழுதினது நான்தான் மேடம்” என்றேன்.

அவர் கணினித் திரையை அணைத்தார். “நீங்க சாவி கேட்டு யாராச்சும் தரமாட்டேன்னாங்களா?” என்றார்.

“கேக்க வேண்டியிருக்கே, அதான் மேடம்.”

“நேரா வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“பதினோரு வருஷமா சொல்ல முடியல மேடம். அந்தத் தாள்ல ‘உங்கள் மேலிடத்துக்கு’ன்னு இருந்துச்சு. எழுதிட்டேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஃபைல் இந்த வருஷம் போகாது. அடுத்த வருஷத்தைப் பத்தி அப்புறம் பாப்போம். அந்தப் பொண்ணை வகுப்புக்குப் போகச் சொல்லுங்க” என்றார். வேலை போகவில்லை. அந்த மட்டும் லாபம்.

இன்னொன்றையும் கேட்டுவிடு, நீ சிரிப்பாய். விண்ணப்பத்துக்குப் பலன் இருந்தது. இன்று காலை போய்ப் பார்த்தால் சாவி அதே ஆணியில் தொங்குகிறது. வராந்தாவில் இருந்த ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அறையை விட்டு நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். “போம்மா, வகுப்புக்குப் போ, முடிஞ்சு போச்சு” என்றேன். போகாமல் என்னையே பார்த்தாள். “யாரோடதுன்னு தெரியலன்னு சொல்லியிருக்கலாமேம்மா, இத்தனை நாள் ஏன் நின்னே?” என்றேன்.

“தெரியுமே மிஸ்” என்றாள். “ஆறாவதுலேர்ந்து என் நோட்டுல உங்க எழுத்தைத்தானே பாக்கறேன். காப்பி எழுதும்போதே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன் மிஸ்.”

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மாடியைச் சுற்றிப் போன ஒவ்வொரு நாளும் அவள் அங்கே எனக்காகத்தான் நின்றிருக்கிறாள். நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அண்ணன் என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அந்த மனுஷர் வம்பில் மாட்டிக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. இருக்கிறது. நான் பயந்ததற்கு உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அது என் பங்கு. ஆனால் அந்தக் கையெழுத்து உன் பங்கு. அடுத்த பெட்டியை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அண்ணி

---

ஜூலை 19

அண்ணிக்கு,

நீங்கள் ஒன்பதாம் தேதி எழுதியது பத்தாம் தேதி மாலை கிடைத்தது. அதற்கு முந்தின நாளே நான் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று இந்த வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் அண்ணி. உங்கள் கடிதம் வந்த பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு போன் போட்டுத் திரும்ப வாங்கியிருக்கலாம். இயக்குநர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பிவிட்டேன். நீங்கள் மாடியைச் சுற்றிப் போனதாக எழுதினீர்களே, எங்கள் மையத்தில் மாடிகூட இல்லை.

பிறகு உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்தது. ‘நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன் மிஸ்.’ அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தப் பெண் அத்தனை நாள் நின்றாள். நான் ஒரு காபி ஆறும் நேரம் நிற்கவில்லை.

இன்று புதிய ஆசிரியர் குழுவுக்குப் பயிற்சி. திருத்திய ஏழாம் தாளைக் கொடுத்தேன். ‘ஒரு கற்பனைப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதுக.’ எழுதினார்கள். டிராகன் வந்தது, பட்டாடை வந்தது, பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் ஓர் அறிவியல் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இதை என் பிள்ளைங்க எதுக்கு எழுதணும் மேடம்?” என்று கேட்டார். நான் திரும்பிக் கரும்பலகையில் பழைய வரியை எழுதினேன். ‘உங்கள் மேலிடத்துக்கு.’

“எங்க மேலிடமா?” என்று யாரோ கேட்டார்கள். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். ஒருவர் குனிந்தார், பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். அப்புறம் அந்த அறையில் பேனாச் சத்தம்தான். அந்த அறிவியல் டீச்சர் ஒரு பக்கம் முடித்துவிட்டு இன்னொரு தாள் கேட்டார். இயக்குநர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

அவரிடம் நானே போனேன். இந்தத் தடவை உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது இது: ‘மேலிடம் என்ற சொல் என்னுடையது. தெரிந்தே எழுதினேன். ஆசிரியை அதற்குக் கொண்ட பொருள்தான் சரியான பொருள். சிவப்பு மையும் எங்கள் ஏற்பாடு. முந்தைய கடிதத்தில் இருந்தது பொய். அதில் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நகரவில்லை. “ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மனுஷர் ஒரே வரியில் பேசி முடித்தார்.

இதை மையம் உங்கள் பள்ளிக்கு அனுப்பாது. தபாலில் போட்டால் பெரிய மேடம் படிக்காமலே வைத்துவிடலாம். அதனால் நானே கொண்டு வருகிறேன். புதன்கிழமை காலை பள்ளி வாசலில் இருப்பேன். நீங்கள் எனக்காகப் பேச வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். அலுவலகம் எந்தப் பக்கம் என்று கை காட்டினால் போதும். அவர் எதிரே நின்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். உங்கள் ஃபைல் நகரும் என்று நம்பி வரவில்லை. நகர்ந்தால் நல்லது.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்கத் தைரியம் இல்லை. அண்ணனிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் எதிரே வந்தால், இவள்தான் அந்த ஏழாம் தாளை எழுதிவிட்டுக் கைகழுவினவள் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள் அண்ணி. பெரிய மேடத்தின் முகத்தைப் பார்த்துவிடுவேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

வாலு